ஒரு சாண் விறகு

“என் கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க, மாமா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா காலையில் பழைய சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே மூன்று தடவை சொல்லியிருந்தாள். “அடுப்பைப் பத்திச் சண்டை போடு. பரளச்சிக்காரவுகளுக்காகச் சண்டை போடு. கையெழுத்தைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்காதே, மணி. எந்தம்பி ரோசக்காரன். உங்கப்பா தறிக்கு நூலை நிப்பாட்டிருவான். வீரசோழன் மண்டிக்காரவுக வேற அஞ்சாயிரம் போடப் போறாகளாம். அது வரைக்குமாவது பேசாம இரு.”

மாமா கோபப்படவில்லை. சிரித்தார்.

“கையெழுத்து என்ன, கைமாத்தா வாங்குன உழக்கு அரிசியா, திருப்பிக் குடுக்க?”

சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். மாமா சிரித்தால் அப்பா சிரிப்பார். ஜோதிலிங்கம் எனக்குத்தான் தாய்மாமன். அப்பாவுக்கு முதலாளி. பதினெட்டு வருஷமாக அவர் கொடுக்கிற நூலைத்தான் அப்பா நெய்து சேலையாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

திருச்சுழி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. வாசலில் ‘ஜோதி சிக்கன அடுப்புக் கம்பெனி, அருப்புக்கோட்டை’ என்று போர்டு. உள்ளே விற்காத அடுப்பு இருநூறுக்கு மேல் அடுக்கியிருந்தது. ஆனி மாசக் காற்று ரோட்டுப் புழுதியை அள்ளி வந்து அதுகள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம். வேலையாட்கள் வாரக்கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“நான் எழுதிக் குடுத்த காகிதம் உங்க மேஜை டிராயர்ல இருக்கு. அது எனக்கு வேணும். நோட்டீசுல இருந்து என் பேரை எடுக்கணும். நான் எழுதுனது எல்லா விறகுக்கும் பொருந்தாதுன்னு இன்னொரு நோட்டீசு அடிக்கணும்.”

“அப்புறம்?”

“அம்புட்டுத்தான்.”

“இல்லை, காசி ராமேசுரம் ஏதும் போகணும்னாலும் சொல்லு. டிக்கெட் எடுத்துருவோம்.”

அப்பா மறுபடியும் சிரித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ‘இவ்வடுப்பை நான் நேரில் சோதித்தேன். சாதாரண அடுப்பைக் காட்டிலும் பாதிக்குப் பாதி விறகு மிச்சமாகிறது. சௌ. முத்துமணி, பி.எஸ்ஸி.’ மஞ்சள் காகிதத்தில் இரண்டாயிரம் நோட்டீசு. அடுப்புப் படத்துக்குக் கீழே என் கையெழுத்தை அப்படியே பிளாக் எடுத்துப் போட்டிருந்தார் மாமா. எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளையின் பேருக்குப் பின்னால் அந்த எழுத்துகளை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அம்மா ஒரு நோட்டீசைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

பொய் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

போன வருஷக் கடைசியில் மண்ணெண்ணெய் விலை ஏறி, ரேஷன் கடை வாசலில் ஆட்களுக்குப் பதில் டின்னும் பாட்டிலும் வரிசையில் உட்கார ஆரம்பித்தபோது மாமாவுக்கு இந்த யோசனை வந்தது. கோயம்புத்தூரில் ஏதோ பொருட்காட்சியில் பார்த்தாராம். தகர உறைக்குள்ளே களிமண்ணும் உமிச்சாம்பலும் குழைத்துப் பூசிய உருளை அடுப்பு. விறகை உள்ளே போட்டு முன்னாலிருக்கிற சின்னக் கதவை மூடிவிட்டால் காற்று அளவாகப் போகும், சூடு வெளியே ஓடாது. இனிமேல் எரிக்கிற சாமான் எதுவும் மலிவாகக் கிடைக்கப் போவதில்லை, மிச்சம் பிடிக்கிற சாமானுக்குத்தான் காலம் என்று சொன்னார். நானும் நம்பினேன். அது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து அப்போது ஒன்றரை வருஷம். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்த அட்டை மடிப்பில் கிழிந்திருந்தது. தெருவில் ஒவ்வொருத்தியும், “படிச்சு என்னடி கிழிச்சே?” என்று கண்ணாலேயே கேட்டாள், சிலபேர் வாயாலேயே கேட்டார்கள். மாமா வந்து, “சோதிச்சுச் சொல்லு மணி, நீ சொன்னாத்தான் நான் வெளியே சொல்லுவேன்” என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுரைக்குப் போய், படித்த காலேஜில் கெஞ்சி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். பத்து நாள் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, அஞ்சு லிட்டர் தண்ணீர் கொதிக்க எவ்வளவு விறகு ஆகிறதென்று நிறுத்து நிறுத்துப் பார்த்தேன். மண் அடுப்பில் ஒரு கிலோ. மாமாவின் அடுப்பில் அரைக் கிலோ. திரும்பத் திரும்ப அதேதான் வந்தது. படித்த படிப்புக்கு நான் செய்த ஒரே வேலை அது.

எரித்தது கடையில் வாங்கிய கருவேலங்கட்டை. டவுனில் எங்கள் வீடுகளில் எல்லோரும் விறகுக்கடையில் எடைக்கு வாங்கித்தான் எரிக்கிறோம். அதை வேலையாட்கள் ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு போட்டு என் பக்கத்தில் குவித்திருந்தார்கள். ஒரு சாணுக்கு மேல் நீளமாக இருந்தால் கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் மிச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. விறகு என்றால் விறகுதானே என்று நினைத்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தை வைத்து மாமா பங்கு சேர்த்தார். எப்படிச் சேர்த்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் தெருக்களில் சௌடம்மன் கோயில் திருவிழாவுக்குத் தறிவரி உண்டு. வீட்டில் எத்தனை தறியோ அத்தனைக்கு வரி. யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. குடுக்காதவனைத்தான் ஊர் கேட்கும். மாமா கோயில் வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, தறிக்கு அம்பது ரூபாய் என்று பங்கு கேட்டார். நூற்றுப் பத்து வீடு. நட்டம் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு ஆண்பிள்ளைகூடக் கேட்கவில்லை. வரி கட்டுகிறவன் லாப நட்டம் கேட்பானா? வீட்டுக்கு ஒரு அடுப்பு இனாமாக வந்து இறங்கியது. எல்லோரும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பரளச்சிக்காரர்கள் அப்படி இல்லை. அவர்கள் கேட்டார்கள்.

மாசியில் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். பஸ்ஸில் அடுப்பை அவர் மடியில் வைத்துக்கொண்டார். விறகுச் சாக்கை நான் வைத்துக்கொண்டேன். ஆமாம், டவுனிலிருந்தே கொண்டுபோனோம், சாண் சாணாக வெட்டிய விறகு. ஊர் மந்தைத் திடலில் அடுப்பைப் பற்ற வைத்து, ஒரு படி அரிசியை நாலே துண்டு விறகில் பொங்கி இறக்கினேன். பொம்பளைகள் எல்லோரும் பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

பருத்திக் காடு வைத்திருந்த மாரிச்சாமி என்று ஒரு சம்சாரி, “ஏ தாயி, அந்தச் சாக்கையும் சேத்துக் குடுப்பீகளா, அடுப்பு மட்டுந்தானா?” என்றார்.

மந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாரிச்சாமி சிரிக்கவில்லை.

“சரி, நட்டம் வந்தா?” என்று அவரே கேட்டார்.

மாமா என் பக்கம் கையைக் காட்டினார். “நான் சொல்றதை நம்ப வேண்டாம். நான் வியாபாரி. இது பி.எஸ்ஸி. படிச்ச புள்ள. நிறுத்துப் பாத்து எழுதியிருக்கு.”

சித்திரையில் பருத்தி விற்ற காசு கையில் வந்ததும் பன்னிரண்டு குடும்பம் ஆளுக்கு நூறு ரூபாய் பங்கு கொடுத்தது. அங்கேயும் வீட்டுக்கு ஒரு அடுப்பு இனாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் லாபம், முதல் எப்போது கேட்டாலும் திரும்ப வரும் என்று பேச்சு. மாரிச்சாமி கொடுக்கவில்லை. குருவம்மாள் என்று ஒருத்தி கொடுத்தாள்.

அந்தக் குருவம்மாள்தான் வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் அடுப்பு. நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்து ஆறு வருஷம் என்று பிறகு சொன்னாள்.

“கையெழுத்துப் போட்ட புள்ள நீதானே?”

“ஆமாக்கா.”

“எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. மூஞ்சி நல்லாத் தெரியும்.” அடுப்பைத் தொப்பென்று இறக்கினாள். “இது எரிய மாட்டேங்குது. வந்து எரிச்சுக் காட்டு.”

அம்மா உள்ளேயிருந்து, “யாரும்மா, தண்ணி குடிக்கிறியா?” என்றாள்.

“தண்ணி குடிக்கத்தான் இம்புட்டுத் தூரம் பஸ்ஸேறி வந்தேனாக்கும்.”

அன்றைக்கே அவளோடு போனேன். அவள் வீட்டுக்குப் பின்னால் வீட்டை விட உயரமாகப் பருத்திமார் குவிந்து கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்த பிறகு பிடுங்கிக் காயப்போட்ட செடி. இடுப்பு உயரம், விரல் தடிமன், கிளை கிளையாக. அந்தக் கரிசல் காட்டில் எரிப்பதற்கு அதுதான். காசு கொடுத்து விறகு வாங்குகிறவன் அங்கே எவனும் இல்லை. ஒரு நுனியை அடுப்பில் செருகிவிட்டு, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே மற்ற வேலையைப் பார்ப்பார்கள். மிச்ச மார் அடுப்படியிலிருந்து நடுவீடு வரைக்கும் நீண்டு கிடக்கும்.

மாமாவின் அடுப்பில் அதைச் செருகினேன். கதவு எப்படி மூடும்? மூடவில்லை. திறந்த வாய் வழியாகக் காற்று புகுந்து மார் சடசடவென்று வைக்கோல் மாதிரி எரிந்தது. புகை முழுக்க எங்கள் மூஞ்சியில் அடித்தது. அவளுடைய மண் அடுப்பில் ஒரு கட்டு மாரில் சோறு ஆனது. எங்கள் அடுப்பில் ஒன்றரைக் கட்டு ஆகியும் அரிசி வேகாமல் விறைத்து நின்றது.

“ஒரு சாண் ஒரு சாணா வெட்டிப் போடணும்க்கா” என்றேன்.

“வெட்டு.”

அரிவாளைக் கையில் கொடுத்தாள். அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் உட்கார்ந்து வெட்டினோம். பருத்திமார் காய்ந்தால் நார் நாராக இழுக்கும். ஒரே வெட்டில் துண்டாகாது. கிளைக் குச்சி எகிறிக் கண்ணில் அடிக்கும். பொழுது சாயும் வரை வெட்டினோம். என் உள்ளங்கையில் ரெண்டு கொப்புளம் உடைந்துவிட்டது. வெட்டிக் குவித்தது ரெண்டு நாளைக்குக் காணும். வெட்டிப் போட்டு எரித்தபோது அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது. பாதிக்குப் பாதி மிச்சம். என் கணக்கு தப்பவே இல்லை.

குருவம்மாள் அந்தக் குவியலையும் என்னையும் பார்த்தாள்.

“களையெடுக்கப் போனா நாளுக்கு ஒண்ணேகால் ரூவா கூலி. மார் வெட்ட உக்காந்தா அது போச்சு. மாரு எனக்குச் சும்மா கெடக்கு தாயி. சும்மா கெடக்கிறதை மிச்சம் பிடிக்கிறதுக்கு நான் கூலியை விடணுமா? உங்க அடுப்பு விறகைத் திங்கலை, வாஸ்தவந்தான். ஆளைத் திங்குது.”

இந்தக் கணக்கைச் சொல்ல எந்தக் காலேஜும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை.

“என் நூறு ரூவாயை வாங்கிக் குடு. ரெண்டு வெள்ளாட்டை வித்துப் பருத்திக் காசோட சேத்துக் குடுத்தது. புரட்டாசியில மழை விழுந்தா உழவுக்கும் வெதைக்கும் அதுதான் இருக்கு. இல்லேன்னா இருக்கிற ஒரு ஏக்கரை ஒத்திக்கு வைக்கணும். ஒத்திக்குப் போன நெலம் எங்க ஊருல எவளுக்கும் திரும்பி வந்ததில்லை.”

“மாமாகிட்டப் பணம் இருக்கான்னு தெரியலைக்கா.”

“அவுககிட்ட இல்லேன்னா எவன்கிட்டயாவது வாங்கிக் குடு. யாரு வீட்டுக் காசா இருந்தா எனக்கென்ன? என் காசு எனக்கு வரணும்.”

திரும்பி வந்து எங்கள் தெருக்களில் வீடு வீடாகப் போனேன். நூற்றுப் பத்து வீட்டிலும் அடுப்பு எப்படி எரிகிறது என்று கேட்டேன். பற்ற வைத்தவர்கள் நாலே நாலு வீடு. மற்றதெல்லாம் பரணில் இருந்தது. பிச்சையம்மாள் பெரியம்மா அடுப்பைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள்.

“ஏன் பெரியம்மா பத்த வைக்கலை?”

“போடி கூறுகெட்டவளே. அம்பது ரூவா சாமான். எம்மகளுக்குச் சீருக்கு வச்சிருக்கேன். கரி பிடிச்ச அடுப்பைக் குடுத்தா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாக?”

மாமா கடந்த நாலு மாசமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தது ஒன்றுதான்: “நூத்திப் பத்து வீட்டுல குடுத்திருக்கேன். ஒரு வீட்டுல இருந்தாவது குறைன்னு வந்துச்சா?” வராது. பரணில் இருக்கிற அடுப்பில் என்ன குறை வரும்?

இதையெல்லாம் கொட்டகையில் மாமா முன்னால் நின்றபடியே சொன்னேன்.  சொல்லி முடித்ததும் அவர் மேஜை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“மாருக்கு அது எரியாதுன்னு எனக்கும் தெரியும், மணி. போன வாரம் ஒரு கட்டு வாங்கியாந்து எரிச்சுப் பாத்தேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இது ஒரு மாதிரி இருந்தது.

“அப்ப ஏன் சும்மா இருக்கீக?”

“சும்மா இருக்கேனா? மேல இருந்து மாரை நெட்டுக்குத்தாச் சொருகுற மாதிரி வாயை மாத்தணும். அது தானா கீழ எறங்கி எரியணும். மனசுக்குள்ள படமே போட்டு வச்சிருக்கேன். அதுக்குப் புது அச்சு, புதுத் தகடு. இருந்த பணம் பூரா அந்தா நிக்குது.” இருநூறு அடுப்பையும் தாடையால் காட்டினார். “பரளச்சிப் பணமும் அதுலதான் போச்சு.”

கேட்டால் திருப்பித் தருகிற முதல். அது அந்தா நின்றது, புழுதி பிடித்து, அடியில் துரு ஏறி.

டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். டைப் அடித்திருந்தது. ‘விறகு, பருத்திமார், சோளத்தட்டை முதலான எல்லா எரிபொருளுக்கும் இவ்வடுப்பு ஏற்றது எனச் சோதித்து அறிந்தேன்.’ கீழே என் பேர். கையெழுத்துக்கு இடம்.

“வீரசோழன் மொளகா மண்டி ராவுத்தர் அஞ்சாயிரம் போடுறேன்னுட்டார். செவ்வாக்கிழமை வாரார். அவர் கேட்டது இது ஒண்ணைத்தான்.”

“இது எந்த அடுப்புக்கு? இருக்கிறதுக்கா, இனிமே வரப்போறதுக்கா?”

“அடுப்புக்கு.”

“எந்த அடுப்புக்குங்கிறேன்.”

“இந்த வக்கீல் கேள்வி எல்லாம் வேண்டாம். நான் சொல்றதைக் கேளு. அஞ்சாயிரம் வந்த மறுநாளே பரளச்சிக்கு ஆயிரத்து இருநூறு. உங்கையிலயே தாரேன். அந்தக் குருவம்மா கையில நீயே கொண்டுபோய் நூறு ரூவாயை வை. போதுமா? மிச்சத்துல புது அடுப்பு.”

 அந்த மண்டிக்காரருக்கு நான் காலையிலேயே கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். அம்மா அஞ்சாயிரம் என்று சொன்னதும், நேரே போஸ்டாபீசுக்குப் போய் நின்று எழுதினேன். ‘நோட்டீசில் நான் எழுதியதை நம்பிப் பணம் போட வேண்டாம். பருத்திமாருக்கு இந்த அடுப்பு உதவாது. நேரில் எரித்துப் பார்த்தேன்.’ குருவம்மாளுடைய நூறு ரூபாய் அந்த அஞ்சாயிரத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கார்டு திங்கட்கிழமைதான் போய்ச் சேரும். சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்து வீரசோழனுக்கு ஓடி, நான் ஒரு கோபத்தில் எழுதிவிட்டேன், கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

“ராவுத்தருக்கு என்ன மிஞ்சும், மாமா?”

“அவருக்கு அஞ்சாயிரம் ஒரு மொளகா சீசன். விழுந்தாலும் எந்திரிச்சிருவார். உன் குருவம்மா எந்திரிப்பாளா?”

 அது நல்ல கேள்வி.

“ஒரே ஒரு புது அடுப்பு செஞ்சு காமிங்க” என்றேன். “ஒண்ணு போதும். மாரை வச்சு நான் நிறுத்துப் பாக்கிறேன். மிச்சமானா நின்ன எடத்துல கையெழுத்துப் போடுறேன்.”

“அதைச் செய்யத்தானே, கழுதை, பணம் வேணுங்கிறேன்! பணம் வரணும்னா காகிதம் வேணும்.”

“காகிதம் வேணும்னா அடுப்பு வேணும்.”

“ஆமா, இப்படியே ரெண்டு பேரும் செக்கு சுத்துவோம்.” அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “கையெழுத்தைத் திருப்பிக் குடுங்கிறயே, அதுக்குப் பின்னாடி ஒரு பி.எஸ்ஸி. இருக்கே, அது யாரு வாங்கிக் குடுத்தது? மூணு வருஷம் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் பீஸ் கட்டுனவன் எவன்? தெருவே சிரிச்சுச்சு. பொட்டப்புள்ளையைப் படிக்க வச்சு யாருக்குடா லாபம்னு கேட்டாங்க. அந்தக் கையெழுத்துல பாதி என்னுது!”

அதுவும் உண்மை. அவர் கட்டியிருக்காவிட்டால் நான் இப்போது தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருப்பேன். இந்த மாதிரி நின்று பேசத் தெரிந்திருக்காது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

“உங்க பாதியை நீங்க வச்சுக்கங்க. அதை வச்சு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக்கங்க.”

“வாயைப் பாரு.”

அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். இவ்வளவு நேரம் அவர் அங்கே இருந்ததையே நாங்கள் ரெண்டு பேரும் மறந்துவிட்டோம். வெளியாட்கள் இல்லாதபோது நெசவாளிகளான நாங்கள் எங்களுக்குள் பேசுவது தெலுங்கு. அன்றைக்குச் சண்டை முழுக்கத் தமிழில்தான் நடந்தது. மாமா கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து கொட்டகைக்குள் தமிழ்தான். அப்பா தெலுங்கில் பேசினார். மெதுவாக, மாமாவுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல.

“போட்டுரும்மா.”

“அப்பா, என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“எனக்கெதுக்கு அது? நான் உங்கிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தா என்று கேட்டதில்லை. நான் படிக்கப் போன மூன்று வருஷமும் எனக்குப் பதிலாக அவரே தார் சுற்றி, அவரே தறியும் போட்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மனுஷன் முதல் தடவையாக ஒன்று கேட்கிறார், அது இதுவாக இருக்கிறது. நூல் நின்றுவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது? ஐம்பத்து மூன்று வயசு. வேறு முதலாளி எவனும் ஜோதிலிங்கத்தின் அக்காள் புருஷனுக்கு நூல் கொடுத்து வம்பை விலைக்கு வாங்க மாட்டான். பவர்லூமுக்குப் போனால் சின்னப் பையன்களோடு நின்று வேலை பார்க்க வேண்டும். அதற்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை.

மாமா பேனாவின் மூடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

போட்டால் என்ன ஆகும்? குருவம்மாள் நிலம் பிழைக்கும். அப்பா தறி ஓடும். ராவுத்தர் கார்டைப் படித்தாலும் புதுக் கையெழுத்தைக் கண்டதும் சிரித்து, படிச்ச புள்ளைகளே இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பணம் போடுவார். புது அடுப்பு எரிந்தாலும் எரியும். எரியாவிட்டால் அவர் பணத்தைத் திருப்பித் தர இன்னொரு ஊர், இன்னொரு காகிதம், அதிலும் என் பேர். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருத்தி அடுப்பைத் தலையில் சுமந்துகொண்டு வருவாள். எனக்கு முடிவு தெரிந்துதான் இருந்தது. அது நல்ல முடிவு என்று சொல்ல வரவில்லை. குருவம்மாளிடம் கேட்டிருந்தால் போட்டுத் தொலைடி என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்காகத்தான் நான் இவ்வளவும் பேசினேன், அவள் காசைத்தான் நான் தண்ணீரில் போடுகிறேன்.

“ராவுத்தருக்குக் கார்டு போட்டாச்சு, மாமா. காலையிலயே.”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. “என்ன கார்டு?”

“பணம் போட வேண்டாம்னு. பருத்திமாருக்கு இது உதவாதுன்னு.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து அடிக்க வருவார் என்றுகூட நினைத்தேன். அவர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். அது சரியாகப் பொருந்தவில்லை. மறுபடியும் கழற்றித் திருகினார்.

“திங்கக்கிழமை போகும்” என்றார், தனக்குத்தானே கணக்குப் போடுகிறவர் மாதிரி. பிறகு என்னைப் பார்த்து, “ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துருவியா? பஸ்ஸு இருக்கு” என்றார். அவர் குரலில் முதலாளி இல்லை. அப்படி ஒரு குரலில் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

“மாட்டேன், மாமா.”

“சரி. அப்ப பரளச்சிக்கும் நீயே போய்ச் சொல்லு. பன்னெண்டு வீட்டுலயும் சொல்லு. எங்கிட்ட ஒரு பைசா இல்லை.”

“அங்கதான் போறேன்.”

மேஜை மேலிருந்த டைப் அடித்த காகிதத்தை நான் தொடவில்லை. பழைய காகிதத்தையும் கேட்கவில்லை. அதை வாங்கி இனி என்ன செய்ய? இரண்டாயிரம் நோட்டீசு ஊர் ஊராகப் போயாயிற்று. இடுப்பில் செருகியிருந்த பையில் போக வர பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். போகத்தான் இருந்தது.

வாசலைத் தாண்டும்போது பின்னால் அப்பா தமிழில், ரொம்ப மரியாதையாக, மாமாவிடம் கேட்பது காதில் விழுந்தது.

“திங்கக்கிழமை நூலெடுக்க வரலாமுல்ல?”

மாமா என்ன சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. வெயில் ரோட்டில் கொதித்தது. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.